ஹேண்ட் பிரேக்கும் இவருடைய இடது கையும்

மார்ச் 4, செவ்வாய்

கடையில் இன்று ஏழு கால்சட்டை, ஒரு கோட்டு. கோட்டுக்காரர் போன வருஷம் இடுப்பைப் பிடிக்கச் சொன்னார், இந்த வருஷம் அதே இடுப்பை விடச் சொல்கிறார். நல்லவேளை, உள்ளே மடித்த துணியை நான் வெட்டவில்லை.

காலையில் நடந்ததை விட்டுவிட்டுக் கோட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதித்தான் ஆக வேண்டும். கார் தானாக உருண்டுவிட்டது.

எங்கள் வாசலிலிருந்து தெருவுக்கு இறங்கும் பாதை நல்ல சரிவு. என்னைக் கடையில் விடுவதற்காக இவர் வண்டியை ஷெட்டிலிருந்து பின்பக்கமாக எடுத்து, சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு என் சாப்பாட்டுப் பையை எடுக்க உள்ளே வந்தார். நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லை. இன்ஜின் ஓடவில்லை, உள்ளே ஆள் இல்லை. இருபத்திரண்டு வருஷத்து வண்டி, யாரோ கூப்பிட்ட மாதிரி மெல்லப் பின்னால் நகர்ந்தது. பிறகு மெல்ல இல்லை. தெருவைக் குறுக்கே கடந்து எதிர்வீட்டு வாத்தியாரின் மதிலில் இடித்து நின்றது.

வாத்தியார் அந்த மதிலடியில்தான் தினமும் செடிக்குத் தண்ணீர் விடுவார். இன்று குழாயைத் திறக்கப் பின்பக்கம் போயிருந்தார். ஒரு நிமிஷம், அவ்வளவுதான். அவர் வழக்கமாக நிற்கிற இடத்தில் நாலு வரிசைச் செங்கல் சரிந்து கிடக்கிறது.

இவர் பையோடு வாசலில் நின்றார். வண்டியைப் பார்க்கவில்லை, மதிலைப் பார்க்கவில்லை. தன் இடது கையைப் பார்த்தார்.

மார்ச் 5, புதன்

பொண்ணு போனில் ஒரு மணி நேரம். "வாத்தியார் அங்க நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சியாம்மா? வண்டியை வித்துடலாம். அப்பா இனிமே ஓட்டவே கூடாது."

"மெதுவா பேசுடி, பக்கத்துலதான் இருக்கார்."

"கேக்கட்டும்."

அவள் சொல்வதில் தப்பு இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். போன ஜூலையில் இவருக்கு இடப்பக்கம் இழுத்துக்கொண்டது. கால் முழுசாகத் திரும்பிவிட்டது. கை முக்கால்வாசி. சட்டைப் பொத்தான் போடுகிறார், கியர் மாற்றுகிறார், வண்டி ஓட்டலாம் என்று ஜனவரியில் டாக்டரே எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரைக்கும் இவர்தான் ஓட்டினார். வாயெல்லாம் பல். கல்யாணத்தன்றுகூட இந்த மனுஷன் அப்படிச் சிரிக்கவில்லை.

இப்போது கார் சாவியைக் கொண்டுபோய் என் தையல் பெட்டியில் போட்டிருக்கிறார். ஏன் அங்கே என்று கேட்டேன். ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மார்ச் 6, வியாழன்

முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவரின் பெண்டாட்டி நான், இன்று பஸ்ஸில் நின்றுகொண்டே கடைக்குப் போனேன்.

மார்ச் 8, சனி

கேட்டேவிட்டேன். "அன்னைக்கு ஹேண்ட் பிரேக் போட்டீங்களா, இல்லையா?"

"போட்டேன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறேன்னா?"

"கை இழுத்துச்சு. எவ்வளவு இழுத்துச்சுன்னு கைக்குத் தெரியலை."

இதைச் சொல்லிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாலு நாளாக அந்த நாற்காலிதான். வாத்தியார் வந்து, "மதில் கிடக்குது விடுங்க, பழைய மதில்" என்று சொல்லிப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

தன்மேல் பழி போட்டுக்கொண்டு இப்படி உட்கார்ந்தால் அந்தக் கை இன்னும் செத்துப்போகும். எனக்குத் தெரியும். கார் போனால் கார் போகிறது. இந்த மனுஷன் போய்விடக் கூடாது.

மார்ச் 10, திங்கள்

நசுங்கிய பம்பரை நிமிர்த்த மெக்கானிக் வந்தான். கையோடு ஹேண்ட் பிரேக்கையும் பார்க்கச் சொன்னேன். லீவரை ஒரே இழுப்பு. கரக் கரக் கரக் என்று பல் பல்லாக மேலே ஏறியது. வண்டியைத் தள்ளிக் காட்டினான். அசையவில்லை.

"வண்டி மேல தப்பு இல்லக்கா. நல்லா இழுத்தா நிக்குது. சாருக்குத்தான் கை..."

"உன் கையால இழுத்தா வீடே நிக்கும்டா! எத்தனை பல் ஏறுச்சு, எண்ணினியா?"

எண்ணவில்லை. நான் எண்ணியிருந்தேன். பதினொன்று. எத்தனையில் பிடிக்க வேண்டும் என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டே, "அஞ்சு, ஆறுக்குள்ள பிடிக்கணும். பழைய வண்டிக்கா, கொஞ்சம் லூஸ். அடுத்த வாரம் வந்து டைட் பண்றேன்" என்றான்.

கொஞ்சம் லூஸாம்! பாதித் தூரம் சும்மா காற்றைத்தான் இழுத்திருக்கிறார் இவர். முக்கால் கையால் பதினொரு பல் எப்படி ஏற்றுவது? தப்பு வண்டி மேல். கை மேல் இல்லவே இல்லை. நான் நிரூபிக்கிறேன்.

பொண்ணு அதற்குள் வண்டி வாங்க ஆளே பிடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம். மெக்கானிக்கின் அடுத்த வாரத்தை நம்பினால் கதை முடிந்தது.

மார்ச் 12, புதன்

நானே செய்துவிட்டேன்.

லீவரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் அடியில் ஒரு கம்பி, அதன் முனையில் ஒரு நட். அவ்வளவுதான். இவருடைய ஸ்பேனரை எடுத்துத் திருகினேன். திருகத் திருகக் கம்பி இறுகுகிறது. பதினொன்று ஒன்பதானது, ஏழானது. கடைசியில் நாலு! இரண்டு விரலால் தூக்கினாலே நிற்கிறது. இருபத்திரண்டு வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறேன், என் இடுப்புக்குப் பக்கத்தில் இப்படி ஒரு சங்கதி இருப்பது தெரியாது.

இவரிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் இவரை இழுக்கச் சொல்லிக் காட்டப்போகிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

மானம் போச்சு.

பொண்ணு, மாப்பிள்ளை, வாங்க வந்தவன், எல்லோரும் பத்து மணிக்கே ஆஜர். நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு அந்த ஆளோடு ஒரு சுற்றுப் போய்விட்டார். கால் மணி நேரத்தில் திரும்பினார்கள். பின் சக்கரம் இரண்டிலும் புகை. தெருவே தீய்ந்த வாடை. "வண்டி நகரவே மாட்டேங்குதும்மா, யாரோ பின்னாலேர்ந்து பிடிச்சு இழுக்கிற மாதிரி" என்று சொல்லி அந்த ஆள் போனவன்தான்.

வாடை ஜன்னலுக்குள் போயிருக்க வேண்டும். பன்னிரண்டு நாளாக வண்டிப் பக்கமே திரும்பாத மனுஷன் எழுந்து வந்துவிட்டார். பின் சக்கரத்தைத் தொடாமல் புறங்கையை அருகில் மட்டும் காட்டிப் பார்த்தார். நிமிர்ந்தார். "எவன் கை வெச்சான் இதுல?"

"எவனும் இல்லை. நான்தான்."

என்னைப் பார்த்தார். என் கையில் கிரீஸ் கறை இன்னும் போகவில்லை, முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் சத்தமாக. வாத்தியார் எதிர்வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு.

"சிரிக்கிறீங்களாப்பா?" பொண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு வருகிறேன், அதற்குள் முடிவு சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மார்ச் 17, திங்கள்

இவர் பேசினார். சாப்பாட்டு மேஜையில் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்துப் பாடம் நடத்தினார்.

பின் சக்கரத்துக்குள் தட்டு மாதிரி ஒரு இரும்பு டிரம். அதற்குள்ளே பிறை வடிவத்தில் இரண்டு ஷூ. லீவரை இழுத்தால் கேபிள் இழுபட்டு, ஷூ விரிந்து, டிரம்மை உள்ளிருந்து கவ்விப் பிடிக்கும். நாளாக ஆகத் தேய்ந்து, ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடும். முதலில் அதை அங்கேயே சரி செய்ய வேண்டும். நான் அதை விட்டுவிட்டு மேலே கேபிளை முறுக்கியிருக்கிறேன். ஷூ எந்நேரமும் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது.

கேட்டதும் எனக்குச் சுரீரென்றது. அடியில் ஓடும் பாபின் நூல் தொளதொளவென்று இருக்கும்போது மேல் நூலை எவ்வளவு முறுக்கினாலும் தையல் சுருங்கத்தானே செய்யும்? வேலைக்கு வரும் பெண்களிடம் இதே தப்புக்கு எத்தனை தடவை கத்தியிருக்கிறேன்!

இன்னொன்றும் சொன்னார். "பஸ்ல பிரேக் குழாய்க்குள்ள காத்து இருந்தாத்தான் பிரேக் விடும். காத்து இறங்கிடுச்சுன்னா தானா இறுக்கிப் பிடிச்சுக்கும். மறந்தாலும் அது பிடிக்கும். முப்பத்தோரு வருஷம் அதை நம்பியே பழகிட்டேன். கியர்ல போட்டு நிறுத்துற வழக்கமே எனக்கு வரலை. இந்த வண்டி அப்படி இல்லை, நாம பிடிச்சாத்தான் பிடிக்கும்."

அப்படியென்றால் கியரில் போட்டிருந்தால் உருண்டிருக்காது. இதை அவரே சொல்கிறார். நான் நினைத்ததைவிடக் கஷ்டமான விஷயம் இது.

மார்ச் 19, புதன்

காலையில் பால் காய்ச்சும்போது ஷெட்டிலிருந்து கரக், கரக். எட்டிப் பார்த்தேன். இவர் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து இடது கையால் லீவரைத் தூக்குகிறார், இறக்குகிறார். கேபிளை முழுசாகத் தளர்த்தியாயிற்று, அதில் கனமே இல்லை. ஆனாலும் எண்ணி எண்ணித் தூக்குகிறார். பால் பொங்கி வழிந்துவிட்டது.

மார்ச் 22, சனி

கடையை மதியமே சாத்திவிட்டேன். இன்றைய நாளை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஷெட்டுக்குள் தரை சமம். முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை. ஜாக்கியில் பின்பக்கத்தைத் தூக்கி, அடியில் ஸ்டாண்டு. இவர் முக்காலியில் உட்கார்ந்து வலது கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டார். வேலை முழுக்க நான். கறுப்புத் தூசியை வாயால் ஊதக் கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும் என்று சொன்னதையே பத்துத் தடவை சொன்னார். சொல்லட்டும். பேசுகிறாரே.

டிரம் லேசில் வரவில்லை. மரச் சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டினேன். பொதுக்கென்று கையோடு வந்தது. உள்ளே பார்த்தேன்.

எனக்கு எழுதத் தெரியவில்லை. இரண்டு பிறைகள், எதிரெதிராக. நடுவில் ஸ்பிரிங்குகள், கீழே நட்சத்திர வடிவத்தில் ஒரு குட்டிச் சக்கரம். அழுக்கும் தூசியுமாக இருந்தாலும் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில். இருபத்திரண்டு வருஷமாக, ஒரு நாள்கூட யாரும் பார்க்காமல், இந்த இருட்டுக்குள் இது வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது!

கேபிளை லேசாக இழுத்துப் பார்க்கச் சொன்னார். இழுத்தேன். ஷூ நகர்ந்ததா? நகரவில்லை என்றுதான் நினைத்தேன். "உத்துப் பாரு" என்றார். மறுபடி இழுத்தேன். நகர்ந்தது. ஊசியின் தடிமன் இருக்கும், அதற்கு மேல் இல்லை. அடேயப்பா! அந்த ஊசிக் கனத்து அசைவுதான் ஒரு டன் இரும்பைச் சரிவில் பிடித்து நிறுத்துகிறது. உள்ளே நாங்கள் இருவரும், பின் சீட்டில் என் துணி மூட்டைகளும், பொண்ணு சின்னவளாக இருந்தபோது மடியில் அவளும், எல்லாமே இந்த ஊசிக் கனத்தில்தான் நின்றிருக்கிறோம். உடம்பு சிலிர்த்துவிட்டது. "என்ன ஆச்சு?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். கண் கலங்கியதற்குத் தூசி என்று சொல்லிக்கொள்ளலாம்.

வண்டிக்கு அடியில் கேபிள் இரண்டாகப் பிரியும் இடத்தையும் காட்டினார். வளைந்த ஒரு சின்ன இரும்புத் துண்டு. லீவரை எவ்வளவு இழுத்தாலும் இரண்டு சக்கரத்துக்கும் சரிபாதியாகப் பங்கு போட்டுக் கொடுக்குமாம். ஒரு பக்கம் அதிகம் தேய்ந்திருந்தால் அதற்கேற்பத் தானே சாய்ந்துகொள்ளுமாம். இதை யோசித்துச் செய்த மனுஷன் யாரோ, எந்த ஊரோ. அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் இருந்தது.

டிரம்மை மாட்டினேன். டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தட்டில் ஒரு ஓட்டை, அதற்கு ரப்பர் மூடி. மூடியை எடுத்து, ஸ்க்ரூ டிரைவரை விட்டு, அந்த நட்சத்திரச் சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தள்ள வேண்டும். ஒவ்வொரு பல்லுக்கும் ஷூ டிரம்மை நெருங்கும். தள்ளிவிட்டு டிரம்மைக் கையால் சுற்ற வேண்டும். இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு... இன்னும் ஒண்ணு... நில்லு. தொட்டுடுச்சு."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"தொட்டுடுச்சு. சுத்திப் பாரு."

காதை டிரம்மில் வைத்தே சுற்றினேன். அப்போதுதான் கேட்டது, பட்டுத்துணியை விரலால் தடவினால் வருமே, அந்த மாதிரி ஒரு சன்னச் சத்தம். ஐந்தடி தள்ளி உட்கார்ந்து இவர் அதைக் கேட்டுவிட்டார்! நாற்பது வயதில் இந்தக் காதைத்தான் செவிடு செவிடு என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

உரசல் நிற்கும் வரை இரண்டு பல் பின்னுக்குத் தளர்த்தினேன். மறுபக்கமும் அப்படியே. பிறகுதான் மேலே நட்டை இறுக்கினேன். ஆறாவது பல்லில் கெட்டியாகப் பிடிக்கிறது. இறக்கிவிட்டால் இரண்டு சக்கரமும் சும்மா சுற்றுகிறது, உரசலே இல்லை. சுற்றிவிட்டு நான் பாட்டுக்கு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவரும் பார்த்தார். நாளைக்குச் சரிவில் வைத்துப் பார்க்கலாம் என்றார்.

மார்ச் 23, ஞாயிறு

பொண்ணு வருவதற்கு முன்னால், காலை ஏழு மணிக்கு.

சரிவில் வண்டியை நிறுத்தினார். நான் போய் வண்டிக்குப் பின்னால் நின்றேன். எனக்கு அவ்வளவு வீம்பு.

"தள்ளிப் போ."

"மாட்டேன். நீங்க இழுங்க, அது நிக்கும்."

"நீ அங்க நிக்கிற வரைக்கும் பிரேக்கை விட்டுக் காலை எடுக்க மாட்டேன். சாயங்காலம் ஆனாலும் சரி."

எடுக்க மாட்டார். தெரியும். நகர்ந்தேன். பின் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கட்டை போடச் சொன்னார், போட்டேன்.

இடது கையால் இழுத்தார். ஆறு பல். காலை எடுத்தார். வண்டி நின்றது. மலை மாதிரி நின்றது! நான் கத்தியதில் வாத்தியார் குழாயோடு ஓடி வந்தார்.

"இன்னொரு தடவை" என்றார் இவர். நின்றது. இன்னொரு தடவை. நின்றது. நாலாவது, நின்றது. ஐந்தாவது தடவை ஐந்து பல்தான் ஏறியது. வண்டி மெல்ல நகர்ந்து கட்டையில் முட்டிக்கொண்டது. அப்புறம் மூன்று தடவை நின்றது. ஒன்பதாவது மறுபடி நகர்ந்தது. பத்தாவது நின்றது. இன்ஜினை அணைத்தார்.

"பத்துல ரெண்டு" என்றார்.

"எட்டு தடவை நின்னுச்சேங்க!"

"பஸ்ல ஏறுற ஜனங்க பத்துல எட்டு நாள் வீடு போய்ச் சேர்ந்தாப் போதுமா?"

நான் விடவில்லை. கியரில் போட்டு நிறுத்தலாம், டிக்கியில் கட்டை வைத்துக்கொள்ளலாம், பழகப் பழகக் கை சரியாகும் என்று மூச்சுவிடாமல் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். "நிறுத்தி வைக்கிறதுக்குக் கட்டை சரி. நடு ரோட்டுல ஏத்தத்துல நிக்கணுமே, அப்ப? பின்னாடி வர்றவன்கிட்ட கட்டையைக் குடுத்து வெக்கச் சொல்லுவியா?" பிறகு தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். வாத்தியார் செடிக்குத் தண்ணீர் விட ஆரம்பித்திருந்தார். "அவர் தினமும் அங்கதான் நிக்கிறார்."

தப்பு கை மேல் இல்லவே இல்லை என்று நிரூபிக்கப் போனேன். பாதி வண்டி, பாதி கை. நிரூபித்தது இவர்தான், தனக்கு எதிராகவே. குரல்கூட நடுங்கவில்லை. இந்த மனுஷனோடு முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன். இன்று அவருக்குப் பக்கத்தில் நிற்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவு பெரிய ஆளாகத் தெரிந்தார்.

பொண்ணு வந்ததும் அவரே சொன்னார். "நான் இனிமே ஓட்டலம்மா. ஆனா வண்டியை விக்கவும் வேண்டாம்."

"அப்ப யாருப்பா ஓட்டுவாங்க?"

என்னைக் காட்டினார்.

"எனக்கு அம்பத்தாறு வயசு!" என்றேன்.

"அதுக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்தவ நீதானே. பார்த்தவதான் பயந்து ஓட்டுவா. அது போதும்."

ஏப்ரல் 13, ஞாயிறு

காலி மைதானத்தில் நான் ஓட்டப் பழகியதில் வண்டி ஒன்பது தடவை அணைந்துபோனது. இவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருந்தால்கூடப் பரவாயில்லை.

மே 2, வெள்ளி

பின்பக்கமாக எடுத்ததில் ஷெட் கதவுக்கும் கண்ணாடிக்கும் முத்தம். கண்ணாடி போச்சு. "பஸ்ஸா இருந்தா கதவும் போயிருக்கும்" என்று ஆறுதல் சொன்னார்.

மே 27, செவ்வாய்

லைசென்ஸ் வந்துவிட்டது. போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன். பொண்ணு அதை எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறாள்.

ஜூன் 10, செவ்வாய்

முதல் தடவையாக இன்று நானே கடைக்கு ஓட்டிப்போனேன். இவர் பக்கத்து சீட்டில், மடியில் என் சாப்பாட்டுப் பை.

பாலத்து ஏற்றத்தில், பாதியில் சிவப்பு விழுந்தது. நின்றேன். பின்னால் ஒரு தண்ணீர் லாரி, ஒட்டி வந்து நின்றது. கண்ணாடி முழுக்க அதன் மூக்குதான். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் பின்னால் போவேன், எடுக்காவிட்டால் கிளம்ப முடியாது. கற்றுக்கொண்டதெல்லாம் மறந்துபோச்சு. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கரக் கரக் என்று சத்தம். குனிந்து பார்த்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும் லீவரை இவர் தூக்கிப் பிடித்திருந்தார். அந்த சீட்டிலிருந்து பார்த்தால் அது இவருக்கு வலது கைப் பக்கம்.

"காலை எடு. நான் பிடிச்சிருக்கேன்."

எடுத்தேன். வண்டி அசையவில்லை.

பச்சை விழுந்தது. நான் கிளட்சை மெல்ல விட்டேன், இன்ஜின் சத்தம் கொஞ்சம் கனத்தது, அந்த நொடியில் லீவரை இறக்கினார். ஒரு விரல்கூடப் பின்னால் போகவில்லை. நேரே மேலே ஏறியது.

பாலத்தின் உச்சி வரை இவர் கை லீவர் மேலேயே இருந்தது. நான் என் கையை அதன் மேல் வைத்துவிட்டேன். கியர் மாற்ற மறந்து முதல் கியரிலேயே ஊர்ந்துகொண்டிருந்தேன். பின்னால் லாரிக்காரன் ஹாரன் மேல் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும்.